360 பாகைக் காட்சிகளைக் கொண்டு கட்டுமானப் பாடம் நடத்தலாமா?

கேள்வி:
கட்டிடக்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுமானப் பாடம் எடுக்கிறேன். நாற்பது பேரை ஒரே நேரத்தில் பணித்தளத்துக்கு அழைத்துச் செல்வது பாதுகாப்பாக இல்லை என்பதால், 360 பாகைக் கேமராவில் எடுத்த காட்சிகளை வைத்தே இந்தப் பருவத்தை நடத்த எண்ணுகிறேன். இது நேரில் செல்வதற்கு ஈடாகுமா?

பதில் 1:
ஈடாகாது, ஆனால் நேரில் சென்றாலும் கிடைக்காத ஒன்றை இது தரும். ஒரு நாள் சென்றுவரும் மாணவர் அந்த ஒரு நாள் வேலையை மட்டுமே பார்க்கிறார். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக அச்சு) அடித்து, கம்பி கட்டி, மின்குழாய்களைப் பதித்து, கான்கிரீட் போட்டுவிட்டால், உள்ளே இருப்பவை அத்தனையும் மறைந்துவிடுகின்றன. ஆகவே கேமராவை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே உயரத்தில் நிறுத்தி வாரந்தோறும் படமெடுங்கள். அப்போதுதான் கம்பிக்கும் சென்ட்ரிங்குக்கும் நடுவே கவர் பிளாக் என்னும் சிறு துண்டுகளை வைத்து விட்ட 20 அல்லது 25 மில்லிமீட்டர் இடைவெளியை, கான்கிரீட் இறுகிய பிறகும் பழைய படத்துக்குத் திரும்பிப் போய்க் காட்ட முடியும்.

நான் அடுத்த வாரப் படத்தைத் திறப்பதற்கு முன், அதில் என்ன இருக்கும் என்று வெட்டுத்தோற்றம் வரையச் சொல்வேன். ஒருபுறம் மட்டும் தாங்கப்பட்டு வெளியே நீளும் பால்கனிக்கு முதன்மைக் கம்பி மேற்பகுதியில் வரவேண்டும் என்பதில் பலர் தவறுவார்கள். அந்தத் தவறுக்குப் பிறகு படத்தை அவர்கள் பார்க்கும் பார்வையே வேறு.

பதில் 2:
பணித்தளப் பொறியாளனாக ஓர் எச்சரிக்கை. அகலக்கோண வில்லை அருகில் உள்ளதைப் பெரிதாகவும் தொலைவில் உள்ளதைச் சிறிதாகவும் காட்டி அளவுணர்வைக் குழப்பும். அளவுக்கோடுகள் உள்ள கோல் ஒன்றைக் காட்சிக்குள் நிறுத்துங்கள். எடையைப் படம் சொல்லவே சொல்லாது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 10.7 கிலோ இருக்கும். வகுப்புக்கு ஒரு துண்டைக் கொண்டுவந்து, கட்டுக்கம்பியால் முடிச்சுப் போடச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் சிறு குழுக்களாக ஒரே ஒரு முறை, கான்கிரீட் போடும் நாளில் நேரில் அழைத்துச் செல்லலாமா?

பதில் 2:
அதற்கு முந்தைய நாள் போங்கள். கம்பி முழுவதும் கண்ணுக்குத் தெரியும், வேலையாட்களுக்கும் பதில் சொல்ல நேரமிருக்கும். கான்கிரீட் போடுவதைக் கேமரா பார்த்துக்கொள்ளட்டும். படத்தில் வரும் தொழிலாளர்களிடம் முன்கூட்டியே இசைவு கேட்டுவிடுங்கள்.