சர்க்கரை வந்த பூனைக்கு டிரை ஃபுட்டை எப்படி நிறுத்துவது? ஊசி ஆரம்பித்து நாலு நாள் (குன்னூர்)

குன்னூர்_மேல்தெரு:
ஆண் பூனை, 8 வயசு, கருத்தடை ஆனது. எடை 6.2 கிலோ, போன வருஷம் 7 இருந்தது. தண்ணி நிறைய குடிக்குது, மணல் தட்டு முழுக்க நனைஞ்சு பெரிய பெரிய கட்டியா வருது. பின்னங்கால் குதி தரையில படியற மாதிரி நடக்குது. ரத்தச் சர்க்கரை 412, ஃப்ரக்டோசமினும் (கடந்த சில வாரச் சர்க்கரையைக் காட்டற டெஸ்ட்) அதிகம். சிறுநீர்ல சர்க்கரை இருக்கு, கீட்டோன் (சர்க்கரைக்குப் பதிலா கொழுப்பு எரியும்போது சேர்ற அமிலம்) இல்ல, கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) சரியா இருக்கு. கிளார்ஜின் இன்சுலின் 1 யூனிட், காலை 7 மாலை 7-ன்னு டாக்டர் எழுதியிருக்கார். "கார்போ கம்மியா வெட் ஃபுட்டுக்கு மாத்துங்க"ன்னு சொன்னார், அதுக்கு மேல விவரம் கேட்க நேரமில்ல.

இப்போ சாப்பிடுறது: நாள் முழுக்க கிண்ணத்துல டிரை ஃபுட், ராத்திரி அம்மா கொடுக்கிற பால்சோறு. எதைப் பார்த்து வாங்கணும், ஒரே நாள்ல மாத்தலாமா, வீட்டுலயே சிக்கன் வேகவெச்சுக் கொடுக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தீனிக்கணக்கு:
மாற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயம். இன்சுலின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே நாளில் டிரை ஃபுட்டைத் தூக்கிவிடாதீர்கள். இந்த 1 யூனிட், பூனை இப்போது தின்னும் மாவுச்சத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. மாவுச்சத்து காணாமல் போனால் அதே 1 யூனிட் அதிகமாகிவிடும், சர்க்கரை தடாலென்று இறங்கும். "இன்றிலிருந்து தீனி மாற்றுகிறேன், அளவைக் குறைக்க வேண்டுமா?" என்று டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இப்போது லேபிள். இங்கே கிடைக்கும் பாக்கெட்டுகளில் கார்போ அளவை அச்சடிப்பது குறைவு, நாம்தான் போட வேண்டும். புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் ஐந்தையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் மீதி மாவுச்சத்து. சாம்பல் போடவில்லையென்றால் டிரைக்கு 8, வெட்டுக்கு 2 முதல் 2.5 என்று வையுங்கள். பிறகு கலோரி: புரதம் × 3.5, கொழுப்பு × 8.5, மாவு × 3.5. மொத்தக் கலோரியில் மாவின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருந்தால் வாங்கலாம்.

சாதாரண டிரை ஃபுட் ஒன்று: புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8. மீதி 36. கலோரி 112 + 85 + 126 = 323. அதில் மாவு மட்டும் 39 சதவீதம்.

பேட்டே வகை, அதாவது கூழாக அரைத்த வெட் ஃபுட்: புரதம் 10, கொழுப்பு 5, நார் 1, ஈரம் 80, சாம்பல் 2.5. மீதி 1.5. கலோரி சுமார் 83, மாவு 6 சதவீதம். இதுதான் வேண்டும்.

கிரேவி பவுச்சில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். புரதம் 8, கொழுப்பு 2.5, நார் 1, ஈரம் 83, சாம்பல் 2 என்றால் மீதி 3.5. பார்க்கச் சின்ன எண். ஆனால் மொத்தக் கலோரியே 61 என்பதால் மாவு 20 சதவீதம் ஆகிவிடுகிறது. குழம்பைக் கெட்டியாக்குவதே ஸ்டார்ச்தான். "கிரெய்ன் ஃப்ரீ" என்று போட்ட டிரையையும் நம்பாதீர்கள். அரிசிக்குப் பதில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் இருக்கும், அவ்வளவே.

அளவு: அவன் சரியான எடை 5 கிலோ என்று வைத்தால் நாளுக்கு 200 முதல் 220 கலோரி. மேலே சொன்ன பேட்டேயில் 85 கிராம் பவுச் மூன்று.

பால்சோற்றை மட்டும் முதலில் நிறுத்துங்கள், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு. 50 கிராம் சோற்றில் 14 கிராம் மாவு. மூன்று பவுச்சையும் சேர்த்தால்கூட 4 கிராம்தான் வரும். பாலில் 100 மில்லிக்கு 5 கிராம் லாக்டோஸ் தனி. "இனிப்பே கொடுக்கிறதில்லையே" என்று அம்மா சொல்வார்கள். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது, பிரச்சினை சோறு, பிஸ்கட், வர்க்கித் துண்டில்.

மலைக்கால்நடை:
கால்நடை மருத்துவராகச் சில சேர்க்கைகள். மருந்து அளவை இங்கே யாரும் மாற்றிச் சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்காதீர்கள்.

மாற்றும் வேகம்: 10 நாள் வையுங்கள். முதல் 3 நாள் டிரையில் கால் பங்கை எடுத்துவிட்டு அந்தக் கலோரிக்கு வெட், அடுத்த 3 நாள் பாதி, பிறகு முக்கால். ஒவ்வொரு படியிலும் ஊசிக்கு முன் சர்க்கரை பாருங்கள், நடுவில் 6 மணி நேரம் கழித்து ஒரு முறை. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரில் ஊசிக்கு முன் 200-க்குக் கீழே இருந்தால், இந்த ஆரம்ப வாரங்களில் ஊசி போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த மீட்டர் பூனை ரத்தத்தில் உள்ளதைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும்.

பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று நினைக்க வேண்டாம். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். வெட்டைத் தொட மறுத்தால் உடல் சூட்டுக்குச் சூடாக்குங்கள். ஊட்டி, குன்னூர்க் குளிரில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை எந்தப் பூனையும் முகராது. டிரை உருண்டை இரண்டை நசுக்கி மேலே தூவினால் பாதிப் பூனைகள் வழிக்கு வரும்.

முதல் மாதம் எடை குறைப்பதைப் பற்றி யோசிக்காதீர்கள். அவன் இழந்த 800 கிராம் நோயால் போனது. சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு, தேவையானால் வாரம் 1 சதவீதம்.

பின்னங்கால் நடை நரம்புப் பாதிப்பு. சர்க்கரை அடங்கினால் மெதுவாகச் சரியாகும், மாதக்கணக்கு ஆகலாம். நோய் தெரிந்த ஆரம்ப மாதங்களிலேயே கட்டுப்பாடு வந்துவிட்டால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வரும். அதற்காகத்தான் தீனிக்கு இத்தனை அழுத்தம் தருகிறோம். அரிப்புக்கோ புண்ணுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், பல்லில் சீழ் இருந்தால், அதையும் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை இருக்கும்வரை தீனி மட்டும் எடுபடாது.

கொடை_பூனைவீடு:
சிக்கன் கேள்விக்கு. தோலில்லாத நெஞ்சுக்கறி வேகவைத்தது 100 கிராமில் சுமார் 165 கலோரி, மாவு பூஜ்யம். ஆக 130 கிராம் ஒரு நாளுக்குப் போதும். ஆனால் வெறும் கறி முழுச் சாப்பாடு ஆகாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் எலும்பு கரையும்.

1 கிலோ எலும்பில்லாத கறிக்கு: கோழி ஈரல் 100 கிராமுக்கு மேல் போகாதீர்கள் (வைட்டமின் ஏ ஏறிவிடும்), கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு 5 கிராம். தண்ணீர் கொஞ்சமாக வைத்து வேகவையுங்கள், அந்தச் சாற்றைக் கொட்டாதீர்கள். கறியிலுள்ள டாரின் என்ற சத்து தண்ணீரில் இறங்கிவிடும், பூனைக்கு அது இல்லையென்றால் கண்ணும் இதயமும் போகும். தனியாக நாளுக்கு 250 மில்லிகிராம் டாரின் சேர்ப்பது வழக்கம். உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. நம் வீட்டுக் குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய துண்டும் வேண்டாம், வெங்காயச் சாறு அதில் ஊறியிருக்கும்.

இவ்வளவு செய்தாலும் அயோடின், வைட்டமின் ஈ, பி வகைகள் குறையும். வெட் ஃபுட் வந்து சேரும்வரை ஒன்றிரண்டு வாரம் சமாளிக்க இது சரி. நிரந்தரமாகக் கொடுக்க நினைத்தால் கால்நடை ஊட்டச்சத்து நிபுணரிடம் அளவு எழுதி வாங்குங்கள்.

மத்தி, நெத்திலி வாரம் இரண்டு முறை போதும், வேகவைத்தே கொடுங்கள். பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். கருவாடு வேண்டவே வேண்டாம், அது உப்பு மூட்டை.

ஊட்டி_பழைய_ஆள்:
வெந்தயப் பொடி, நாவல் கொட்டைப் பொடி கலந்து கொடுத்தால் சர்க்கரை இறங்குமே? வெளிநாட்டில் பூனைக்கு வாய்வழி மருந்தும் வந்துவிட்டதாம். நம்ம மெட்பார்மினில் கால் மாத்திரை?

மலைக்கால்நடை:
ஐயா, மூன்றும் வேண்டாம். பொடி போட்டால் வாசனைக்குப் பூனை தட்டையே விட்டு விலகும், சாப்பிடாத பூனைக்கு ஊசியும் போட முடியாது. மெட்பார்மின் பூனைக்குப் பெரிதாக வேலை செய்வதில்லை, வாந்திதான் வரும். நீங்கள் சொல்லும் வாய்வழி மருந்துகள் பெக்ஸாகிளிஃப்ளோசின், வெலாகிளிஃப்ளோசின். அமெரிக்காவில் 2022 டிசம்பரிலும் 2023-லும் அனுமதி கிடைத்தது. இன்சுலின் இதுவரை போடாத, மற்றபடி ஆரோக்கியமான பூனைகளுக்கு என்றுதான் அனுமதி. அந்த மருந்துகளால் ரத்தச் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் ஏறிப் பூனை சாகக்கூடும். மனிதர்களுக்கான அதே குடும்ப மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி உடைத்துக் கொடுப்பது விஷப்பரீட்சை.

குன்னூர்_மேல்தெரு:
எல்லாருக்கும் நன்றிங்க. டாக்டர்கிட்ட பேசிட்டேன், அளவைப் பத்தி அவர் பார்த்துக்கிறார். இன்னொரு சிக்கல்: காலையில மீட்டர் "எர்ரர்" காட்டுது, காதுல குத்தினா ரத்தமே வரல. ஊசி மருந்துக்கடையில கொடுத்த சிவப்பு மூடி ஊசிதான்.

தீனிக்கணக்கு:
நில்லுங்கள்! சிவப்பு மூடி என்றால் மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கான ஊசி. கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்து. அந்த ஊசியில் "1" கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 2.5 யூனிட். அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆரஞ்சு மூடி 100 யூனிட் ஊசி, அதிலும் 0.3 மில்லி, அரை யூனிட் கோடு போட்டது கேளுங்கள். நம் ஊரில் மனிதர்களுக்கு 40 யூனிட் இன்சுலின் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் கடைக்காரர் கையில் அகப்படுவதைக் கொடுத்துவிடுகிறார்.

பூனை தள்ளாடினால், திடீரென்று பேய்ப்பசி எடுத்தால், துடித்தால்: ஒரு டீஸ்பூன் தேன் அல்லது குளுக்கோஸ் கரைசலை ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். நிமிர்ந்ததும் தீனி, உடனே மருத்துவமனை. அந்த ஒரு சமயத்தில் மட்டும் பழைய டிரை ஃபுட் நல்லது, அதனால் ஒரு பிடியை டப்பாவில் மூடி வையுங்கள்.

கொடை_பூனைவீடு:
மீட்டர் பிரச்சினை குளிரால். பெரும்பாலான மீட்டர்கள் 10 முதல் 40 டிகிரிக்குள்தான் வேலை செய்யும். டிசம்பர், ஜனவரி விடியலில் நம் சமையலறையே அதற்குக் கீழே இருக்கும். மீட்டரையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் 20 நிமிடம் ஸ்வெட்டர் பைக்குள் வையுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த கையோடு மூடுங்கள், பனிமூட்ட ஈரம் பட்டால் எண் தப்பாக வரும்.

காதுக்கு: சின்னக் காலுறையில் அரிசி போட்டுச் சூடாக்கி ஒரு நிமிடம் காதில் வையுங்கள். ஈரத்துணி வேண்டாம், தண்ணீர் ரத்தத்தோடு கலந்தால் எண் குறையும். ரத்தக்குழாயைக் குத்தாதீர்கள், ரத்தக்குழாய்க்கும் காது விளிம்புக்கும் நடுவில் குத்துங்கள். முன்னதாக வாசலின் மெல்லிசாகத் தடவினால் சொட்டு முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். முடிந்ததும் பஞ்சால் 15 நொடி அழுத்துங்கள். ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

ஆஸ்பத்திரியில் எடுத்த எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். மலைப்பாதையில் கூடைக்குள் கத்திக்கொண்டே போன பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறும்.

குன்னூர்_மேல்தெரு:
ஊசி மாத்தியாச்சு. டாக்டர் இன்னிக்கு ராத்திரி ஊசியை விட்டுட்டு நாளைக்கு 1 யூனிட்டே சரியான ஊசில ஆரம்பிக்கச் சொன்னார். என் திட்டம்: 6:45-க்கு காது, 6:50-க்கு தீனி, பாதி சாப்பிட்டதும் ஊசி. மீதி தீனி மதியமும் ராத்திரி 11-க்கும். எப்பவாவது மாலை ஊசி விட்டுப்போச்சுன்னா 11 மணிக்குப் போட்டுக்கிறேன். சரியா?

மலைக்கால்நடை:
கடைசி வரி தவிர எல்லாம் சரி. 11 மணிக்குப் போட்டால் காலை 7 மணி ஊசி அதன்மேல் ஏறும். விட்டுப்போனது போனதாகவே இருக்கட்டும், மறுநாள் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு. இரட்டிப்பாகவும் போடக் கூடாது. போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் போடாதீர்கள், அதற்காக ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தாளை ஒட்டி டிக் அடியுங்கள்.

சாயங்காலம் 6 மணிக்கே அவனை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சோறும் நின்றுவிடும், குன்னூரில் சிறுத்தைக்கும் வேலையில்லாமல் போகும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரி, குலுக்க வேண்டாம், ஃப்ரீசர் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், உறைந்தது உருகினாலும் பயன்படாது. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் இரண்டு நாள் எதுவும் மேலே வராது, ஒரு கார்ட்ரிட்ஜும் பத்துப் பவுச்சும் கூடுதலாக வையுங்கள்.

சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், வாரம் இரண்டு முறை நனைத்துப் பாருங்கள். நிறம் மாறி, பூனையும் சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.