“தளைக்குள் அடைத்தல்” எண்டு எழுதலாமோ?

கேள்வி – உயர்தர மாணவி, சாவகச்சேரி
“மக்கள் சாதித் தளைக்குள் அடைக்கப்பட்டிருந்தனர்” எண்ட வசனம் சரியோ? தளை, விலங்கு, சிறை மூண்டையும் மாத்தி மாத்திப் பாவிக்கலாமோ? தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

பனங்கூடல்
தங்கச்சி, அடைக்கிறது சிறைக்குள்ளை, தளையாலை கட்டுறது. தளைக்கு உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. பனை ஏறுற ஆக்களின்ரை தளைநாரைப் பாருங்கோ: இரண்டு பாதத்தையும் அகல விடாமல் பிடிச்சு வைக்கிற ஒரு நார் வளையம், அவ்வளவுதான். யாப்பிலையும், அதாவது செய்யுள் இலக்கணத்திலையும், இதே கருத்துத்தான். செய்யுள் அடியின்ரை உறுப்பு சீர், சீரின்ரை உறுப்பு அசை. நிண்ட சீரின்ரை ஈற்றசையை வருஞ்சீரின்ரை முதலசையோடை பிணைக்கிறது தளை. வெண்பாவிலை மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் வரவேணும் (மா, விளம், காய் சீர் வகை; நேர், நிரை அசை வகை). பிசகினால் தளை தட்டும், அதாவது அந்தப் பிணைப்புக் கெடும்.

அதாலை வினைச்சொல்லைக் கவனமா எடுங்கோ. தளையைப் பூட்டலாம், இடலாம், அறுக்கலாம், தகர்க்கலாம், களையலாம். மொட்டு விரியிறதைத் “தளையவிழ்தல்” எண்டு சங்கப் பாட்டிலை காணலாம். “தளையைத் திறந்தனர்”, “தளைக்குள் இருந்து வெளியேறினர்” எல்லாம் பொருந்தாது. உங்கடை வசனத்தை “சாதித்தளையால் பிணிக்கப்பட்டிருந்தனர்” எண்டு மாத்துங்கோ. சாதித்தளை, அடிமைத்தளை ரெண்டையும் சேர்த்து எழுதுங்கோ, ‘த்’ மிகும்.

விலங்கு கண்ணுக்குத் தெரியிற இரும்பு. சந்தேகநபருக்குப் போடுறது கைவிலங்குதான், கைத்தளை எண்டு பொதுவா எழுதுறேல்லை.

நல்லூர் வாசகி
எழுத்துப்பிழை ஒண்டையும் சொல்லவேணும். பேச்சிலை ழ, ள ரெண்டும் ஒண்டாக் கேக்கிறதாலை “தமிழ் தளைத்தோங்கட்டும்” எண்டு பதாகையிலை அடிச்சுவிடுவினம். தளைத்தல் எண்டால் கட்டுதல். வாழ்த்து அப்பிடியே தலைகீழாப் போயிடும். செழிக்கிறது தழைத்தல்.

உயர்தர மாணவி, சாவகச்சேரி
நன்றி. அப்ப “கல்வி அடிமைத்தளையை அறுத்தது” சரிதானே? “மறியல்” எண்ட சொல்லையும் கட்டுரையிலை போடலாமோ?

பனங்கூடல்
முதலாவது சரி. மறியல் எங்கடை பேச்சிலை சிறை. தமிழ்நாட்டு வாசகர் “மறியலில் இருந்தார்” எண்டதைப் படிச்சால் றோட்டை மறிச்சுப் போராடினார் எண்டுதான் எடுப்பினம். கட்டுரையிலை தீர்ப்புக்குப் பிறகு எண்டால் “சிறைத்தண்டனை”, வழக்கு முடியமுன்னம் நீதிமன்றக் கட்டளையிலை வைச்சிருந்தால் “விளக்கமறியல்” எண்டு பிரிச்சு எழுதுங்கோ.