மறுமொழி: ‘சைலண்ட் பிராக்டிஸ்’ – ‘தன்செவிச் சாதகம்’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

மின்கிட்டார், கீபோர்டு, மின்வீணை போன்ற கருவிகளை இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அடுத்த அறைக்குக் கேட்காமல் பயில்வதற்கு ஒரு சொல் வேண்டும் என்று இந்த இழை தொடங்கியது. மௌனப் பயிற்சி, ஒலியிலாப் பயிற்சி, ஊமைச் சாதகம் (சாதகம் என்பது இசைக்காரர்களின் அன்றாடத் தனிப்பயிற்சி), அடக்கி வாசித்தல் என்று இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரவு வேளையில்தான் எனக்கும் கிட்டாரைத் தொட நேரம் கிடைக்கிறது என்பதால், இந்த விவாதத்தில் எனக்கு அக்கறை கொஞ்சம் கூடுதல்.

> கருவிகள் ‘சைலண்ட்’ என்ற பெயரிலேயே விற்பனையாகின்றன. ‘மௌனம்’ என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

யமஹா நிறுவனம் 1993இல் சைலண்ட் பியானோவையும் 1997இல் சைலண்ட் வயலினையும் கொண்டுவந்தது. அந்தப் பெயர் பரவிவிட்டது உண்மைதான். ஆனால் அது கடைக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கான பெயர். வாசிப்பவருக்கு அங்கே மௌனம் ஏது? முழு ஒலியும், மேடையில் கேட்பதைவிட நெருக்கமாக, அவர் காதுக்குள் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் முழு மௌனம் கிடைப்பதில்லை. திண்ணுடல் கிட்டாரை, அதாவது உள்ளே வெற்றிடமில்லாத மரத்தாலான மின்கிட்டாரை, எதனோடும் இணைக்காமல் மீட்டிப் பாருங்கள். பிளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) கம்பியில் படும் ‘டிக் டிக்’ ஓசை அதே அறையில் படுத்திருப்பவரை எழுப்பப் போதும். டிஜிட்டல் பியானோவில் சிக்கல் இன்னும் ஆழமானது. எடை வைத்த கட்டைகள் அடிவரை இறங்கி முட்டும்போது எழும் ‘தொப்’ என்ற அதிர்வு, ஸ்டாண்டின் கால்கள் வழியாகத் தரைக்குள் இறங்கி, கீழ்வீட்டாரின் கூரையில் கேட்கிறது. வாசிப்பவர் காதை ஹெட்போன் மூடியிருப்பதால் அவருக்கு அது தெரிவதே இல்லை. மின்டிரம்மின் கால்மிதி இதைவிட மோசம். அடுக்குமாடிக் குடியிருப்பில் தடித்த ரப்பர் விரிப்பு இல்லாமல் அதை இரவில் மிதிப்பது நியாயமே இல்லை. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரையறுத்திருக்கின்றன. ‘மௌனம்’ என்று பெயர் சூட்டிவிட்டால், இனி யாருக்கும் தொந்தரவில்லை என்று புதிதாக வாங்குபவர் நம்பிவிடுவார்.

அதைவிட எனக்குக் கவலை தருவது காது. அக்கம்பக்கத்தார் கேட்டுத் தாங்கமாட்டாத ஒலியை அப்படியே இரண்டு செவிப்பறைகளின் அருகில் கொண்டுபோய் வைக்கிறோம். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்குப் போனால் அந்த 40 மணி நேரம் வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இரவில் கவனம் கூடக் கூட ஒலியைத் திருகிக்கொண்டே போவது எல்லாரும் செய்வதுதான். ‘நிறுத்து’ என்று சொல்ல அடுத்த அறையில் ஆளும் இருக்காது. ஒலியிலாப் பயிற்சி என்ற பெயர் இந்த ஆபத்தைத் துடைத்தெடுத்துவிடுகிறது. ஆகவே மௌனம், ஒலியின்மை இரண்டையும் நான் ஏற்கவில்லை.

> ஊமைக்காயம், ஊமைவெயில் என்கிறோமே, அதே வழியில் ‘ஊமைச் சாதகம்’ ஆகாதா?

இதை எழுதிய ஐயாவுக்கு என் பாராட்டு. வந்தவற்றுள் சிந்தித்துச் செய்த சொல் இதுதான். ஊமைக்காயத்தில் வலி உள்ளே இருக்கிறது, வெளியே தெரியவில்லை. பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. இருந்தாலும் பாட்டும் கருவியும் கற்கும் பிள்ளைகளிடம் தினமும் புழங்கப்போகும் சொல் இது. பேச இயலாதவரைக் குறித்த சொல்லை அங்கே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. பழைய கூட்டுச்சொற்களில் அது கரைந்துவிட்டது, புதிதாக ஒன்று செய்யும்போது கரையாது.

> ‘அடக்கி வாசித்தல்’ ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இதை மட்டும் நான் அழுத்தமாக மறுக்கிறேன், ஏனென்றால் இந்தப் பயிற்சியின் பயனே இதற்கு நேர் எதிரானது. இரவில் ஆட்களுக்கு அஞ்சி மெதுவாக மீட்டி மீட்டிப் பழகியவரின் கையில் எடை இருக்காது. கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்கும் விரலுக்கு அழுத்தம் போதாது, மீட்டும் கை கூசும். மேடையில் முழு ஒலி கேட்டதும் அந்தக் கை தடுமாறும். ஹெட்போனோடு பயில்பவர் அடக்க வேண்டியதே இல்லை. பகலில் எந்த எடையோடு மீட்டுவாரோ அதே எடையோடு மீட்டலாம். அடங்குவது வெளியே போகும் ஒலி மட்டும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதைச் சொன்னால் சொல்லுக்கும் வழி பிறக்கும். திண்ணுடல் கிட்டாரில் உள்ளீடற்ற மரப்பெட்டி இல்லை. ஒலிபெருக்கியின் சத்தத்தில் பெட்டியும் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடுவதைத் தவிர்க்கத்தான் மரத்தை நிரப்பினார்கள். அதாவது மேடையில் உரக்க வாசிப்பதற்குச் செய்த மாற்றம், இரவில் வாசிப்பதற்கும் வழிவிட்டது. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்த ஐந்து கம்பி மாண்டலினும் இந்தக் குடும்பம்தான். உருக்குக் கம்பி அதிரும்போது அதன் அடியில் இருக்கும் காந்தச் சுருளில், நாம் பிக்கப் என்கிறோமே அதில், மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகிறது. ஹெட்போனை நேரே கிட்டாரின் கால் அங்குலத் துளையில் செருகிப் பார்ப்பது எல்லாத் தொடக்கநிலைக்காரர்களும் செய்யும் சோதனை. இடக்காதில் மட்டும், கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் ஏதோ முனகும். கிட்டாரின் துளை மோனோ, ஹெட்போனின் செருகி ஸ்டீரியோ. அதோடு பிக்கப் தரும் மின்னழுத்தத்துக்கு 32 ஓம் ஹெட்போனை இயக்கும் திறன் கிடையாது. நடுவே ஒரு சிறு பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) வேண்டும். ‘பாஸ்டன்’ என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் டாம் ஷோல்ஸ் 1982இல் ‘ராக்மேன்’ என்று இடுப்பில் மாட்டும் பெட்டியைக் கொண்டுவந்தது இதற்குத்தான். இன்று கிட்டாரில் நேரே செருகும் தீப்பெட்டி அளவுப் பெருக்கிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் நல்லவை இன்னொரு வேலையும் செய்கின்றன. மேடைப் பெருக்கியின் 12 அங்குல ஒலிபெருக்கி 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலான கூர்மையான ஒலிகளைப் பெரும்பாலும் கைவிட்டுவிடும். ஹெட்போன் அதையெல்லாம் விடாமல் ஒலிக்கும் என்பதால், சிதைவொலி (டிஸ்டார்ஷன்) சேர்த்தால் காதைக் கீறும். அந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் குணத்தைப் போலச் செய்து காட்டும் மின்சுற்று இருந்தால்தான் கேட்கச் சகிக்கும்.

ஆக, கை முழுதாக இயங்குகிறது, ஒலியும் முழுதாகப் பிறக்கிறது. யார் காதுக்குப் போய்ச் சேர்கிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. சொல்லும் அந்த இடத்திலிருந்து வர வேண்டும் என்பது என் கட்சி. அதனால் ‘தன்செவி’ என்பதை முன்வைக்கிறேன். தன்வினை, தன்னுரிமை, தன்படம் என்ற வரிசையில் நிற்கும். பெயருக்கு முன்னால் அடையாகவும் வரும்: தன்செவிப் பெருக்கி, தன்செவித் துளை, தன்செவி முறை. பியானோவின் பொத்தானுக்குக் கீழே அச்சிடும் அளவுக்குச் சின்னதாகவும் இருக்கிறது. ஒலி தன் காதுக்கு வருகிறது என்ற நினைவு சொல்லிலேயே ஒட்டியிருப்பதால், அளவைக் குறைத்து வைக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லும்போது மாணவருக்குச் சட்டென்று புரியும்.

அடுத்த பாதிக்கு முதலில் ‘வாசிப்பு’ என்று போட்டுப் பார்த்தேன். இன்றைக்கு வாசிப்பு என்றதும் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது. ‘தன்செவி வாசிப்பு’ என்றால் ஒலிநூல் என்று நினைப்பார்கள். ‘பயிற்சி’ வகுப்புக்கும் முகாமுக்கும் உடற்பயிற்சிக்கும் பொதுவாகிவிட்டது. ஒருவர் தனியே உட்கார்ந்து, அதே வரிசையை அதே காலத்தில் தினமும் கையில் ஏற்றுவதற்கு இசைக்காரர்கள் சொல்வது ‘சாதகம்’. ஜோதிடத்தை நினைவுபடுத்துகிறது என்றும், கர்நாடக இசையோடு நின்றுவிடும் என்றும் இரண்டு மறுப்புகள் வரலாம். முன்னால் தன்செவி நிற்கும்போது ஜோதிடத்துக்கு இடமில்லை. கர்நாடக இசைக்கு வெளியே இது புழங்காது என்பதையும் நான் ஒப்பவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளையும் செய்வது சாதகம்தான். வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘தன்செவிப் பயிற்சி’ என்று எழுதட்டும், என் வாக்கு சாதகத்துக்கு. ஹெட்போனை ஹெட்போன் என்றே விட்டுவிடலாம், அதைத் தமிழாக்கும் விவாதம் தனி இழையில் நடக்கட்டும்.

இதோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டிய இன்னொரு சொல் இருக்கிறது. கம்பியைத் தொட்டதற்கும் ஒலி காதை அடைவதற்கும் இடையே விழும் இடைவெளி. புளூடூத் ஹெட்போன்களில் இது பெரும்பாலும் 100 மில்லிநொடிக்கு மேல். காற்றில் ஒலி அதே நேரத்தில் 34 மீட்டர் போய்விடும். அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) ஒரு நொடி என்று தாளம் வைத்து, ஓர் அட்சரத்தில் எட்டு ஸ்வரம் வாசித்தால் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது 125 மில்லிநொடி. ஏறக்குறைய ஒரு ஸ்வரம் பின்தங்கி, ‘ரி’ வாசிக்கும்போது ‘ஸ’ காதில் விழுகிறது. பாட்டுக் கேட்க வாங்கிய கம்பியில்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தனக்குத் தாளம் நிற்கவில்லை என்று மனம் ஒடிந்துபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மனவருத்தத்துக்குத் தேவையே இல்லை, குறை அவர்கள் கையில் இல்லை. கம்பியுள்ள ஹெட்போனை மாட்டினால் தீர்ந்தது. இதற்குத் ‘தாமதம்’ என்பது மிகப் பொதுவான சொல். ‘பணியில் சுணக்கம்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே, அந்தச் சுணக்கத்தை எடுத்து ‘ஒலிச்சுணக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குழு ஒப்புக்கொண்டால் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

தன்செவிச் சாதகம்: மின்னிசைக் கருவியின் ஒலியை ஹெட்போன் வழியாக வாசிப்பவர் மட்டும் கேட்டுப் பயிலுதல். எடுத்துக்காட்டு: “பத்து மணிக்கு மேல் தன்செவிச் சாதகம் செய், கம்பியுள்ள ஹெட்போனையே மாட்டு, ஒலிச்சுணக்கம் இருக்காது.”

வயலினின் குதிரைமேல் (கம்பிகளைத் தாங்கும் சிறு மரத்துண்டின்மேல்) செருகும் ரப்பர் அடக்கியை இந்த வரையறைக்குள் சேர்க்கவில்லை. அங்கே ஒலியே குறைந்துவிடுகிறது, ஹெட்போனும் இல்லை. அதற்குத்தான் ‘அடக்கி வாசித்தல்’ பொருந்தும் என்று நினைக்கிறேன். வயலின் ஆசிரியர்கள் இக்குழுவில் இருந்தால் தங்கள் வகுப்பில் அதை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்