எங்கள் தெரு, ஸ்காபுறோ: கோபியின் மியாட்டாவில் எண்ணெய் வடிகிறது

வெள்ளிக்கிழமை

மாலை 7:42 | கோபி: எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சிவப்பு மஸ்டா மியாட்டா கார் (1992, 1.6 லீற்றர் என்ஜின்) எண்ணெய் வடிக்கிறது. கராஜ் ஒன்றில் காட்டினேன். என்ஜினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் இருக்கும் பின் சீல் போய்விட்டது, கியர்பொக்ஸை இறக்க வேண்டும், 1,500 டொலர் என்றார்கள். நானே செய்து பார்க்க ஆசை. யாராவது கூட நிற்பீர்களா?

மாலை 7:44 | கோபி: (படம்: கியர்பொக்ஸ் அடியில் தொங்கும் எண்ணெய்த் துளி)

மாலை 7:51 | பிரதீப்: தம்பி, இந்தப் படத்தை எப்படி எடுத்தாய்? காரின் அடியில் படுத்தாயா?

மாலை 7:52 | கோபி: ஓம் அண்ணா. டிக்கியில் இருந்த ஜக்கைக் கொடுத்துத் தூக்கினேன்.

மாலை 7:53 | பிரதீப்: இனி அப்படிச் செய்யாதே. அந்த ஜக் ரயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி ஒரு கையைக்கூட அடியில் விடக்கூடாது. என்னிடம் தூக்கிய காரைத் தாங்கும் இரும்புக் கால், ஸ்ராண்ட், இரண்டு சோடி இருக்கிறது, நாளைக்குக் கொண்டு வருகிறேன். நான் 310எஸ், அதாவது கார் மெக்கானிக் லைசன்ஸ் எடுத்துப் பத்து வருடமாகிறது. இன்றைக்கும் ஸ்ராண்ட் வைத்து, காரை ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போவேன்.

மாலை 7:54 | மலர் (கோபி அம்மா): நன்றி பிரதீப். நான் சொன்னால் இவன் கேட்பதில்லை.

மாலை 8:10 | ராசன் மாமா: தம்பி, எண்ணெய் சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவுக்கு வராதே. எண்ணெய் மேலே கசிந்தாலும் கீழேதான் வடியும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். பொனற்றைத் திறந்து ரோச் லைற் அடித்து, என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்பக்கத்தைப் பார். ஈரமா, காய்ந்திருக்கிறதா?

மாலை 8:26 | கோபி: ஒரே கறுப்பு அழுக்கு மாமா. பின்னால் பிளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் கோயில் (coil) பெட்டியும் இருப்பதால் சரியாகத் தெரியவில்லை.

மாலை 8:31 | பிரதீப்: அண்ணை, நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைக்கிறேன். இந்தக் காரில் காம் அங்கிள் சென்சர் (என்ஜின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது, அதை வைத்துத்தான் தீப்பொறி விடும்) ஹெட்டின் பின்னால் செருகியிருக்கும். அதில் எண்ணெய் கசியாமல் தடுக்க ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங். முப்பது வருடச் சூட்டில் அது பிளாஸ்ரிக் மாதிரி இறுகிவிடும். அங்கிருந்து வடிவது நேராகக் கியர்பொக்ஸ் மேல் விழும். பார்ப்பவர்களுக்குப் பின் சீல் மாதிரியே தெரியும். ஓ-ரிங் சில டொலர்தான்.

மாலை 8:33 | கோபி: உண்மையாகவா அண்ணா!

மாலை 8:35 | பிரதீப்: இன்னும் உறுதியில்லை. நாளைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மாலை 8:40 | கோபி: இன்னொன்று. 401 நெடுஞ்சாலையில் ஏறும்போது மூன்றாம் கியரில் அழுத்தினால், தகர டப்பாவில் மணல் கொட்டுவது மாதிரி ஒரு சத்தம். காலையில் ஸ்ராட் செய்தால் டிக் டிக் என்றும் கேட்கும். இரண்டும் ஒன்றா? இதையெல்லாம் முடித்துவிட்டு, என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி வலுவைக் கூட்டும் டேர்போ போட ஆசை.

மாலை 8:58 | ராசன் மாமா: இரண்டும் வேறு. காலையில் கேட்கும் டிக் டிக் வால்வுகளுக்கு மேலே இருக்கும் எண்ணெய் லிஃப்ரரின் சத்தம். எண்ணெய் ஏறியதும் அடங்கிவிடும், இந்தக் கார்களில் அது வழமை. ஆனால் பாரம் இழுக்கும்போது மணல் சத்தம் என்றால் அது நொக், சிலிண்டருக்குள் பெற்றோல் நேரம் தவறித் தானாக வெடிக்கும் சத்தம். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. மொரிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கார்புரேட்டரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, என்ஜின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் சீக்கிரம் வெடிக்கும் எண்ணெய். ஆட்களை ஏற்றிக்கொண்டு அழுத்தினால் இதே சத்தம் வரும். டிஸ்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளினால் அடங்கும். ஸ்குரூட்ரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை என்ஜினில் வைத்துக் கேட்டுக் கேட்டு அளவு வைத்த காலம் அது.

உன் காரிலும் ரைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பார்க்க வேண்டும். டேர்போவைப் பிறகு பார்ப்போம்.

மாலை 9:05 | பிரதீப்: அண்ணை சொல்வது சரி. அந்த என்ஜினின் கொம்ப்ரெஷன் 9.4, உள்ளே வருவதை ஏற்கனவே 9.4 மடங்கு அமுக்கும். டேர்போ போட்டால் இன்ஜெக்டர், கம்ப்யூட்டர், கிளட்ச் எல்லாம் சேர்த்து யோசிக்க வேண்டும். இன்சூரன்ஸுக்கும் அறிவிக்க வேண்டும். நொக் வரும் என்ஜினில் டேர்போ போட்டால் பிஸ்ரன் போய்விடும்.

மாலை 9:12 | மலர் (கோபி அம்மா): டேர்போ எதற்குப் பிள்ளை? 2021 ஜூலையில் இருந்து ஸ்ரண்ட் ட்ரைவிங் (ஆபத்தான அதிவேக ஓட்டம்) என்று பிடித்தால், அந்த இடத்திலேயே 30 நாள் லைசன்ஸ் போகும், 14 நாள் காரும் போகும்.

மாலை 9:20 | சிவா: அக்கா, வேகம் போக ஆசை என்றால் நான் அவனை மொஸ்போர்ட் பந்தயத் தடத்துக்குக் கூட்டிப் போகிறேன். இங்கிருந்து ஒரு மணித்தியாலம். 1967-இல் கனடாவின் முதல் எஃப்1 பந்தயம் நடந்த இடம். அங்கே ஓட்டப் பழக்குவதற்கென்றே ஒரு சின்னத் தடமும் இருக்கிறது. ஆனால் தம்பி, அங்கே போவதற்கு முன் பிறேக் ஒயில் புதிதாக இருக்க வேண்டும். பழைய ஒயில் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். சூட்டில் கொதித்தால் பெடல் தரையில் போய் நிற்கும்.

மாலை 9:24 | ராசன் மாமா: நாளை 9 மணி. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், காலையில் ஸ்ராட் செய்யாதே. பேபி பவுடர் ஒரு டப்பா எடுத்து வை.

மாலை 9:25 | கோபி: பேபி பவுடரா மாமா?

மாலை 9:25 | ராசன் மாமா: ஓம்.

சனிக்கிழமை

காலை 10:48 | கோபி: (படம்: ஹெட்டின் பின்பக்கம், வெள்ளைப் பவுடர், நடுவில் ஒரு பழுப்புக் கோடு)

காலை 10:52 | கோபி: வர முடியாதவர்களுக்காக எழுதுகிறேன். அழுக்கை பிறேக் கிளீனர் அடித்துத் துடைத்தோம். காய்ந்த பிறகு மாமா பவுடரைத் தூவினார். பத்து நிமிடம் என்ஜினை ஓட விட்டோம். சென்சரின் அடியில் இருந்து ஒரு கோடு நனைந்துகொண்டே இறங்கியது. பிரதீப் அண்ணா ஸ்ராண்டில் வைத்து அடியில் போய்ப் பார்த்தார். பின் சீல் பக்கம் காய்ந்தே இருக்கிறதாம்.

காலை 10:55 | சித்ரா: அப்படியென்றால் 1,500 டொலர் மிச்சமா?

காலை 10:56 | பிரதீப்: மிச்சம்தான் அக்கா. ஆனால் என்ஜின் ஆறும் வரை கழற்ற மாட்டோம். மதியம் தொடங்குவோம்.

மதியம் 1:37 | பிரதீப்: ஒரே ஒரு 12 மில்லிமீற்றர் போல்ற்தான். ஆனால் கோயில் பெட்டிக்கும், என்ஜினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரான ஃபயர்வோலுக்கும் நடுவில் கை போகவில்லை. கோபியின் கை மெலிது, அவன்தான் கழற்றினான். கழற்றுவதற்கு முன் சென்சருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீறச் சொன்னேன். திரும்பப் போடும்போது அந்தக் கோடு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரைமிங் மாறிவிடும்.

மதியம் 1:41 | கோபி: (படம்: உள்ளங்கையில் உடைந்த ஓ-ரிங்)

மதியம் 1:41 | கோபி: நகத்தால் நெம்பியதும் வளையல் துண்டு மாதிரி முறிந்துவிட்டது. ரப்பர் என்று சொல்லவே முடியாது. புதியதற்கு எண்ணெய் பூசிச் செருகினேன்.

மதியம் 1:58 | ராசன் மாமா: சென்சருக்குக் கீழே போகும் ஹீட்டர் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். ஊறிய பாண் மாதிரி மெத்தென்று இருக்கிறது. எண்ணெய் சொட்டிச் சொட்டி ரப்பரைத் தின்றுவிட்டது. இது வெடித்தால் தண்ணீர் முழுக்கப் போய் ஹெட் வளைந்துவிடும். இதையும் இன்றைக்கே மாற்ற வேண்டும். சிவா, கடைக்குப் போக முடியுமா?

மதியம் 1:59 | சிவா: போகிறேன். பழைய துண்டைத் தாருங்கள், உள் விட்டம் பார்த்து வாங்கி வருகிறேன்.

மதியம் 2:03 | சித்ரா: என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ற் வெளியே ஓடாமல் பாருங்கள், எங்கள் நாய் அந்தப் பக்கம்தான் திரியும்.

மதியம் 2:05 | பிரதீப்: சரியாகச் சொன்னீர்கள் அக்கா. அது இனிக்கும், நாய் நக்கினால் நஞ்சு. பேசின் வைத்துப் பிடித்து மூடியிருக்கிறோம். திங்கட்கிழமை நகரசபை டிப்போவில் கொடுக்கிறேன்.

மாலை 4:20 | கோபி: சுமதி அன்ரி, உங்கள் கொரோல்லாவைக் கொஞ்சம் எங்கள் வாசலுக்குக் கொண்டு வர முடியுமா? மியாட்டாவுக்குப் பற்றரி பின் டிக்கியில். ஒவ்வொரு தீப்பொறிக்கும் மின்னும் ரைமிங் லைற்றின் வயர் எட்டவில்லை. உங்கள் பற்றரியில் இருந்து கரண்ட் எடுக்கலாம் என்கிறார் அண்ணா.

மாலை 4:21 | சுமதி: வருகிறேன் தம்பி. தேத்தண்ணியும் கொண்டு வருகிறேன்.

மாலை 5:16 | பிரதீப்: இதைக் கோபியே செய்தான். டயக்னோசிஸ் பெட்டியில் டென், கிரவுண்ட் என்ற இரண்டு ஓட்டைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்தான். அப்போதுதான் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு ரைமிங்கை மாற்றாமல் நிற்கும். பிறகு முதல் பிளக் வயரில் கிளிப்பை மாட்டி லைற்றை என்ஜினின் முன்னால் சுற்றும் புலியில் (pulley, கப்பி) அடித்தான். பெல்ற் மூடியில் 10 என்ற குறி இருக்கிறது. புலியின் கீறல் அதையும் தாண்டி வெகுதூரம் போய் நிற்கிறது. எங்கள் கணக்கில் 18 பாகை! பழைய சொந்தக்காரர் யாரோ முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கோபி ஊற்றுவதோ நொக்கைத் தாங்கும் சக்தி குறைந்த 87 ஒக்ரேன் பெற்றோல்.

மாலை 5:18 | ராசன் மாமா: நொக் அதனால்தான். சென்சரை மெல்லத் திருப்பி 10-இல் நிறுத்தினோம். கொம்பனி சொன்ன அளவு அது.

மாலை 5:24 | கோபி: அந்தக் கீறல் லைற்றில் அசையாமல் நின்றதைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 850 தடவை சுற்றுகிற புலி, ஒரே இடத்தில் நிற்பது மாதிரி. காசு கொடுத்துச் செய்திருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

மாலை 5:31 | சிவா: 14 வைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். கீழ் வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். ஆனால் 91 ஊற்ற வேண்டும்.

மாலை 5:33 | ராசன் மாமா: முதலில் ஒரு மாதம் 10-இல் ஓடட்டும். பிறகு 91 ஊற்றி, இரண்டு இரண்டு பாகையாக வைத்துப் பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் நீ ஓட்டு, நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 11:09 | கோபி: காலையில் 401-இல் பிக்கரிங் வரை போய் வந்தேன். மூன்றாம் கியரில் நன்றாக அழுத்தினேன். மணல் சத்தம் இல்லை. வந்து, புதிதாகத் தூவியிருந்த பவுடரைப் பார்த்தேன், காய்ந்தபடியே இருக்கிறது.

காலை 11:11 | மலர் (கோபி அம்மா): எல்லோருக்கும் நன்றி. பின்னேரம் எங்கள் வீட்டில் கொத்துரொட்டி. கட்டாயம் வர வேண்டும்.

காலை 11:20 | பிரதீப்: வருகிறோம் அக்கா. கோபி, அடுத்த வேலை பிறேக் ஒயில். அதற்கு இரண்டு பேர் வேண்டும், பெடலை மிதிக்க ஒருவர், போல்ற்றைத் திறந்து மூட ஒருவர். வால்வுகளை ஓட்டும் ரைமிங் பெல்ற் எப்போது மாற்றினார்கள் என்று பழைய பில்களில் தேடு. ஒரு லட்சம் கிலோமீற்றர் ஆகியிருந்தால் மாற்ற வேண்டும். இந்த என்ஜினில் பெல்ற் அறுந்தாலும் வால்வு வளையாது, ஆனால் 401 நடுவில் நின்றுவிடுவாய்.

காலை 11:34 | ராசன் மாமா: புது ஹோஸ் ஒரு தடவை சூடாகி ஆறியதும் கொஞ்சம் தளரும். என்ஜின் ஆறிய பிறகு இரண்டு கிளிப்பையும் கால் திருப்பு இறுக்கு. கூலன்ற் மட்டத்தையும் பார்.

மதியம் 2:15 | கோபி: இறுக்கிவிட்டேன் மாமா. கூலன்ற் அரைக் கோப்பை குறைந்திருந்தது, ஊற்றினேன்.