பிரைட்லிங் குரோனோமேட் வாட்ச்ல 7750 மூவ்மென்ட்டை எடுத்துட்டு பி01 போடலாமா?

குழித்துறைக்காரன்: பழைய பிரைட்லிங் குரோனோமேட், ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச். உள்ள இருக்கிற மூவ்மென்ட் (இயந்திரம்) கேலிபர் 13, அதாவது 7750 அடிப்படை. கேஸை வச்சுகிட்டு கம்பெனியோட சொந்த மூவ்மென்ட் பி01 மட்டும் மாத்த வழி உண்டா?

பாறசாலை பல்சக்கரம்: முடியாது தம்பி. 7750-ல சின்ன டயல் 12, 6, 9-ல இருக்கும். 2009-ல வந்த பி01-ல 3, 6, 9. டயல் ஓட்டையே ஒத்துவராது. புதுசா வாங்கினாத்தான் உண்டு.

வித்தியாசம் கைக்கே தெரியும். 7750-ல ஸ்டாப்வாட்சை இயக்குறது கேம் (மேடு பள்ளமா வெட்டின தகடு), ஸ்டார்ட் பட்டன் கடுப்பா அமுங்கும். ஊசலாடுற பினியனோட (சின்னப் பல்சக்கரத்தோட) பல் சக்கரத்துல போய் மாட்டும்போது செகண்ட் முள் லேசா துள்ளும். பி01-ல அதே வேலைக்கு காலம் வீல் (column wheel, தூண் மாதிரி பல் நிக்கிற சக்கரம்), செங்குத்து கிளட்ச். தட்டுகள் உரசிப் பிடிக்கிறதால முள் துள்ளாம கிளம்பும். முழுச் சாவிக்கு 70 மணி நேரம் ஓடும். வேகம் ரெண்டுக்கும் மணிக்கு 28,800 துடிப்புதான்.

மார்த்தாண்டம் லூப்: அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா விக்க அவசரப்படாதீங்க. 7750-க்கு பார்ட்ஸ் கிடைக்கும், கைத்தேர்ந்த மெக்கானிக் யாரும் பிரிப்பார். பி01-ஐ கம்பெனி சர்வீஸுக்குத்தான் அனுப்பணும்.

முதல்ல டைம்கிராஃபர்ல (வாட்ச் ஓட்டத்தைச் சோதிக்கிற மெஷின்ல) போடுங்க. முழுச் சாவி, டயல் மேல்நோக்கி: ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் ஆடுற கோணம்) 270-300 டிகிரி நல்லது. குரோனோ (ஸ்டாப்வாட்ச்) ஓடும்போது கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. 220-க்குக் கீழே போனா எண்ணெய் வறண்டிருக்கும். இரவு 8 முதல் 2 வரை தேதியைத் திருகாதீங்க, பல் உடையும். நம்ம பக்கத்து ஈரக்காத்துக்கு புஷர் (பக்கவாட்டு பட்டன்) வாஷரையும் சேர்த்து மாத்திடுங்க. தண்ணிக்குள்ள பட்டனை அமுக்கவே கூடாது.