நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன் ஹப் தேய்மானம்: பேரிங் மாற்றியும் ஆட்டம் திரும்பிய அனுபவங்கள்

நிஸ்வா, ஓமான்

நிஸ்வா சனையாவில் (தொழிற்பேட்டையில்) ஒரு நிறுவனத்தின் வாகனங்களைப் பராமரிக்கும் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை லேண்ட் குரூசர் 79 பிக்கப்புகள். 1999 முதல் இவற்றின் முன்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காயில் ஸ்பிரிங் வந்துவிட்டாலும், ஆக்சில் பழையபடி ஒரே துண்டாக நீளும் வகையே. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இரண்டு டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங்குகளும், அவற்றின் இறுக்கத்தை நிர்ணயிக்கும் ஒரு நட்டும், அதைப் பூட்டும் இன்னொரு நட்டும் இருக்கின்றன.

ஜபல் அக்தர் மலைப்பாதையில் ஓடும் வண்டி ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். வேகம் அறுபதைத் தாண்டினால் முன்பக்கத்தில் ஒரு முனகல் எழுகிறது என்றும், வலப்பக்கம் திரும்பும்போது அது கூடுகிறது என்றும், மேடுபள்ளத்தில் ஓடிய பிறகு முதல் மிதியில் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது என்றும் ஓட்டுநர் சொன்னார். மூன்றும் ஒரே இடத்தைத்தான் சுட்டின. வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்வதால், சத்தம் கூடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இடப்பக்கப் பேரிங்கை. பேரிங்கில் ஆட்டம் இருந்தால் டிஸ்க் தள்ளாடிப் பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த மிதியில் பெடல் ஆழமாக இறங்குவது அதனால்தான். இதை மாஸ்டர் சிலிண்டரின் கோளாறு என்று எண்ணி அதை மாற்றிய பட்டறைகளும் உண்டு.

ஜாக்கி வைத்துத் தூக்கியபின், சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது. அடுத்து ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கச் சொல்லி மீண்டும் ஆட்டினோம். பிரேக் பிடித்திருக்கும்போது டிஸ்க்கும் ஹப்பும் நக்கிளோடு (ஆக்சில் முனையில் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பகுதியோடு) ஒன்றாகக் கட்டுண்டுவிடுவதால், ஆட்டம் மறைந்தால் குறை வீல் பேரிங்கில் இருக்கிறது என்றும், மறையாமல் நின்றால் நக்கிளின் மேல், கீழ்ப் பேரிங்குகளில் இருக்கிறது என்றும் கொள்ளலாம். இங்கே ஆட்டம் மறைந்தது. காயில் ஸ்பிரிங்கின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுழற்றியபோது, சொரசொரப்பான அதிர்வு விரலுக்கு எட்டியது. காதால் கேட்பதைவிட இந்தச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன்.

இதே சக்கரத்துக்கு அண்மையில்தான் வேறொரு பட்டறையில் புதுப் பேரிங் மாட்டியிருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. திறந்து பார்த்தபோது நட்டின் முனைகளில் உளி அடித்த தழும்புகள் இருந்தன. இந்த நட்டுக்கு 54 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். அது கையில் இல்லாதவர்கள் உளியையும் சுத்தியலையும் எடுக்கிறார்கள். உளியால் இறுக்கத்தை அளக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்க, சிதறும் இரும்புத்துகள் நேராகப் பேரிங்குக்குள் விழுகிறது. கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தது. அதாவது உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. மலையிறக்கத்தில் பிரேக் சூட்டால் கொதித்த ஹப் வாதித் (காட்டாற்றுத்) தண்ணீரில் திடீரென்று இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, கிரீஸைக் காக்கும் சீலின் உதடு வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது.

ஆனால் உண்மையான சேதம் ஸ்பிண்டிலில், அதாவது ஹப்பின் பேரிங்குகள் அமரும் சுழலாத தண்டில், இருந்தது. பேரிங்கின் உள்வளையம் அமரும் இடம் பளபளவென்று தேய்ந்து, நகத்தால் வருடினால் படி ஒன்று தட்டுப்பட்டது. புதிய பேரிங்கின் உள்வளையத்தை அதில் செருகிப் பார்த்தபோது கையால் அசைக்கும்படி ஆடியது. சரியான ஸ்பிண்டிலில் அது கையால் தள்ளினால் நழுவிச் செல்ல வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. நட்டு தளர்வாக விடப்பட்டதால் உள்வளையம் ஸ்பிண்டிலின் மேலேயே சுழன்று அதைத் தின்றிருக்கிறது. அப்படித் தேய்ந்த ஸ்பிண்டிலின் மேல் எத்தனை புதிய பேரிங் மாட்டினாலும் ஆட்டம் திரும்ப வரும். ஆகவே ஸ்பிண்டிலையே மாற்றினோம். அதன் உட்புறத்தில் ஆக்சிலைத் தாங்கும் வெண்கலப் புஷ்ஷும் புதியதோடே வந்துவிடுகிறது.

பேரிங்கை எப்போதும் வெளிவளையம், உள்வளையம் இரண்டும் சேர்ந்த ஜோடியாகவே மாற்ற வேண்டும். இறுக்கும்போது முதலில் 59 நியூட்டன் மீட்டர் கொடுத்து, ரோலர்கள் தத்தம் இடத்தில் அமரும்படி ஹப்பை இருபுறமும் பலமுறை சுழற்றி, பிறகு நட்டைத் தளர்த்தி மெல்ல இறுக்கி, சக்கர போல்ட்டில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். ஹப் சுழலத் தொடங்கும் இழுவை 28 முதல் 56 நியூட்டனுக்குள், அதாவது ஏறத்தாழ 3 முதல் 5.7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பூட்டு நட்டை 64 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியபின் இழுவையை மறுபடி அளப்பது அவசியம், ஏனெனில் பூட்டும்போது அது கூடிவிடுகிறது.

கோத்தகிரி, நீலகிரி

நிஸ்வா நண்பர் எழுதியதில், நட்டு ஏன் தளர்வாக விடப்படுகிறது என்பதற்கு எங்கள் பக்கத்து அனுபவம் ஒரு விளக்கம் தரக்கூடும். இங்கே தேயிலை மூட்டை ஏற்றும் ஜீப்புகளில் பழகிய மூத்த மெக்கானிக்குகள் நட்டைச் சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, பிறகு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்திவிடுவார்கள். பழைய வில்லிஸ் வகை ஜீப்புக்கு அந்த முறை முற்றிலும் சரியானதே. அதே கைப்பழக்கத்தை, லேசான முன்னிறுக்கம் (ஆட்டமே இல்லாதபடி சற்று அழுத்தி வைப்பது) தேவைப்படும் வேறு வண்டிக்கும் கொண்டுசெல்லும்போதுதான் ஸ்பிண்டில் பலியாகிறது. மெக்கானிக்கின் திறமையில் குறையில்லை. வண்டி மாறியதை அவருடைய கை ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களிடம் வந்த ஒரு ஜீப்பில் ஸ்பிண்டில் நன்றாகவே இருந்தது. ஹப்பின் உள்ளே பேரிங்கின் வெளிவளையம் அமரும் குழிதான் அகன்றுபோயிருந்தது. முன்பு வேலை செய்த யாரோ அந்தக் குழியைச் சுற்றிலும் பஞ்ச் கொண்டு புள்ளிகள் அடித்து, அந்தப் புடைப்புகளில் வளையத்தைச் சிக்கவைத்திருந்தார்கள். இது ஊர்போய்ச் சேர உதவும் வைத்தியமே தவிரப் பழுதுநீக்கம் ஆகாது: வளையம் சில புள்ளிகளில் மட்டும் தாங்கப்படுவதால் சாய்ந்து அமர்கிறது, ரோலர்கள் ஒரு ஓரத்தில் மட்டும் சுமையை ஏற்கின்றன. வேறு ஹப் கிடைக்காததால் கோயம்புத்தூரில் லேத்தில் குழியைப் பெரிதாகக் கடைந்து, ஸ்லீவ் (உலோக உறை வளையம்) அழுத்திப் பொருத்தி, மறுபடி பேரிங் அளவுக்குக் கடைந்து வாங்கினோம். இரண்டு பேரிங் குழிகளையும் ஒரே பிடிப்பில் கடைய வேண்டும் என்பதை மட்டும் லேத்துக்காரரிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பிடிப்பை மாற்றினால் இரண்டின் மையமும் விலகிவிடும்.

ஸ்பிண்டிலின் மேல் வெல்டிங் வைத்துக் கடைவதை மட்டும் நான் ஏற்பதில்லை. வெல்டிங் சூடு அந்த எஃகின் பதத்தைக் கெடுக்கிறது, விரிசல் தொடங்கினால் வெளியே தெரியாது. சக்கரம் முழுவதும் அதன் மேல் நிற்கிறது.

நுவரெலியா, இலங்கை

தோட்டத்து ஹைலக்ஸ் டபிள் கேப் ஒன்றில் எங்களுக்கு ஏற்பட்டது சற்று வேறு விதமானது. பேரிங் கிரீஸ் வெளுக்கவில்லை. கறுத்து, கூழாகி, கியர் ஒயில் வாசனை அடித்தது. ஆக்சில் குழாயின் முனையிலுள்ள உட்புறச் சீல் கசிந்து, டிஃபரன்ஷியல் ஒயில் நக்கிளுக்குள் நிறைந்து, அங்கிருந்து ஸ்பிண்டில் வழியாக ஹப்புக்கு வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. கராஜில் ஹப்பின் சீலை மட்டும் மாற்றித் தந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அதே நிலை திரும்பியது. நக்கிளைக் கழற்றி உட்புறச் சீலை மாற்றிய பிறகே கசிவு நின்றது. நக்கிள் உருண்டையின் வெளிப்புறத்தில் மெல்லிய கிரீஸ் படலம் இருப்பது இயல்பு. ஒயில் சொட்டுச் சொட்டாக வழிந்து டயரின் உட்பக்கத்தை நனைத்தால் அது உட்புறச் சீலின் வேலை.

கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பழைய ஹப் வாங்குவோர் ஒரு புதிய வெளிவளையத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அது கையால் அழுத்தியே குழிக்குள் இறங்கிவிட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த ஹப்பை வாங்க வேண்டாம்.

நிஸ்வா, ஓமான்

கோத்தகிரி நண்பரின் விளக்கம் எங்கள் பட்டறைக்கும் பொருந்துகிறது. இங்கும் பலர் ஜீப்பில் தொழில் கற்றவர்களே. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் ஃப்ரீ வீல் ஹப்பைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகளில் (தலையில்லாத போல்ட்டுகளில்) கூம்பு வடிவ வாஷர்கள் இருக்கும். நட்டுகளைக் கழற்றியபின் ஸ்டட்டின் முனையில் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினால் அவை தாமாகத் துள்ளி வரும். ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் ஹப்பின் முகம்தான் கெடும். திரும்பப் பூட்டிய பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடவிட்டு அந்த நட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும். அவை தளர்ந்தால், முன்சக்கர இயக்கத்தைப் போடும் ஒவ்வொரு முறையும் முறுக்குவிசை ஸ்டட்டுகளின் மேலேயே விழுந்து அவற்றின் துளைகளை நீள்வட்டமாக்கிவிடும். அதற்கப்புறம் மாற்ற வேண்டியது முழு ஹப்பையுமே.