முண்டூர் சித்ரா: கண்ட ஒரு நொடி

பாலக்காட்டு முண்டூரைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை பி.யு. சித்ராவைக் கண்ட ஒரு நொடியைப் பற்றிப் பலர் எழுதியவை; ஒவ்வொன்றின் மேலும் எழுதியவர் அல்லது அவருடைய ஊர்.

கொழிஞ்சாம்பாறை அண்ணன்

பி.யு. சித்ராவின் பெயரை நாடு அறிவதற்கு முன்பே என் தங்கை அறிந்துகொண்டாள். அதுவும் அவருடைய முதுகைப் பார்த்து அறிந்துகொண்டாள். 2011-ஆக இருக்கலாம், அடுத்த ஆண்டாகவும் இருக்கலாம். பாலக்காட்டில் பள்ளிகளுக்கிடையிலான போட்டி, 3000 மீட்டர். முண்டூர், பறளி, கல்லடி ஆகிய பள்ளிகளின் பிள்ளைகள் களத்தில் இறங்கிவிட்டால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழரைச் சுற்றில் ஐந்தாவது சுற்று முடியும்போது அந்தப் பெண் என் தங்கையை ஒரு முழுச் சுற்று முந்தினார். முந்தும்போது இடித்துவிடக் கூடாது என்று ஓர் அடி வெளியே ஒதுங்கி ஓடி, மறுபடியும் உள்கோட்டுக்கு வந்தார். தங்கை கடைசியாக வந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, அந்த ஒதுங்கல்தான் நினைவில் நின்றது. பிறகு, பள்ளித் தேசியப் போட்டிகளில் வென்றதற்காக உத்தரப் பிரதேச அரசும் ஜார்க்கண்ட் அரசும் அவருக்கு நானோ கார் கொடுத்த செய்தியைப் படித்தபோது, கூலி வேலை செய்யும் பெற்றோரின் வீட்டு வாசலில் அந்தக் கார்கள் எங்கே நிற்கும் என்று அம்மா கேட்டார்.

கஞ்சிக்கோடு தொழிலாளி

அண்ணன் இனிமையான பகுதியோடு நிறுத்திவிட்டார். 2017 ஜூலையில், புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் சித்ரா 1500 மீட்டரை 4 நிமிடம் 17.92 விநாடியில் ஓடித் தங்கம் வென்ற மாலையில், ஆலைக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடையில் தமிழர், மலையாளி, ஒடியாக்காரர் என்று பார்க்காமல் கடைக்காரர் எல்லோருக்கும் காசு வாங்காமல் சாயா கொடுத்தார். ஆசிய வெற்றியாளர் என்ற வகையில் லண்டன் உலகப் போட்டிக்குப் போகலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அந்த மாதம் முடிவதற்குள் வந்த இந்திய அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேரள உயர் நீதிமன்றம் அவரைச் சேர்க்கச் சொன்னது. பெயர் கொடுக்கும் கடைசி நாள் கடந்துவிட்டது என்று சர்வதேசத் தடகளச் சம்மேளனம் மறுத்தது. நீதிமன்றத்தில் வென்றும் ஓட முடியாமல் போயிற்று. அந்தச் செய்தி வந்த நாளிதழைக் கடைக்காரர் மடித்துப் பலகாரப் பெட்டிக்கு அடியில் வைத்தார். யார் கேட்டும் எடுத்துத் தரவில்லை.

கோவிந்தாபுரம்

கஞ்சிக்கோடு நண்பர் விதியைப் பாதிதான் சொல்கிறார். ஒரு கண்டத்தின் போட்டியில் வென்றவர் போகலாம் என்பது உண்மை; ஆனால் அவருடைய நாட்டுத் தடகளச் சம்மேளனம் பெயரைக் கொடுத்தால்தான் போக முடியும். லண்டனுக்கான தகுதி நேரம் 4 நிமிடம் 7.50 விநாடி, புவனேஸ்வரத்து ஓட்டம் அதைவிடப் பத்து விநாடிக்கு மேல் அதிகம். 1500 மீட்டரில் பத்து விநாடி என்றால் ஏறக்குறைய அறுபது மீட்டர் தூரம். இதைச் சொன்னதற்காக என் மாமனாரே என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

இருந்தாலும் நானும் ஒன்றைப் பகிர வேண்டும். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், பஹ்ரைனுக்காக ஓடிய இருவருக்குப் பின்னால் 4 நிமிடம் 12.56 விநாடியில் சித்ரா வெண்கலம் பெற்றார். எட்டு மாதம் கழித்து, தோஹாவில் நடந்த ஆசியப் போட்டியில், ஜகார்த்தாவில் வெள்ளி வாங்கிய அதே பஹ்ரைன் வீராங்கனையைக் கால் விநாடி வித்தியாசத்தில் முந்தி 4 நிமிடம் 14.56 விநாடியில் தங்கத்தைத் தக்கவைத்தார். நேரத்தைக் கணக்குப் பார்த்தால் அது ஜகார்த்தாவைவிட மெதுவான ஓட்டம். கோட்டைத் தாண்டும் அந்த நொடியில் நான் என் கணக்கை எல்லாம் மறந்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மாமனார் அதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து விதியைப் பற்றி நான் வாய் திறந்தால் அவர் அந்த நாற்காலியைத்தான் காட்டுகிறார்.

பூப்பாறை ஏலத்தோட்டம்

சித்ராவைப் பற்றிய பேச்சில் எங்கள் மலைக்காரரை மறந்துவிடாதீர்கள். நெடுந்தொலைவு ஓட்டக்காரர் பிரீஜா ஸ்ரீதரன், இடுக்கி மாவட்டத்தில் ராஜாக்காட்டுக்கு அருகிலுள்ள முல்லைக்கானத்துக்காரர். ரயில்வே வேலைக்காகப் பாலக்காட்டுக்கு வந்தவர் என்பதால் உங்களுக்கும் அவர் மீது உரிமை உண்டு. எங்கள் பக்கத்தில் நானூறு மீட்டர் சமதரை தேடினால் தேயிலை காய வைக்கும் இடம்கூட அவ்வளவு நீளம் இருக்காது. 2010-இல் குவாங்சௌ ஆசிய விளையாட்டில் பத்தாயிரம் மீட்டரை 31 நிமிடம் 50.47 விநாடியில் ஓடி அவர் தங்கம் வென்றபோது, லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தொலைக்காட்சி இருந்த ஒரே வீட்டில் முப்பது பேர் நின்றுகொண்டிருந்தோம். இரண்டாவதாக வந்த கவிதா ராவுத்தும் இந்தியர் என்பதால் யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் முதலில் எல்லோரும் சும்மா நின்றோம். பிறகு என் பாட்டி, இருபத்தைந்து சுற்றும் ஓடியவளுக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா என்று கேட்டார்.

சித்தூர் உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு)

பாட்டியின் கேள்வி சரியான கேள்வி. 2016 ரியோ ஒலிம்பிக் மாரத்தானில் வயநாட்டு ஓ.பி. ஜெய்ஷா 2 மணி 47 நிமிடம் 19 விநாடியில் கோட்டைத் தொட்டு விழுந்ததைப் பார்த்தேன். ஓடும் வழியில் இருந்த இந்திய மேசைகளில் தண்ணீர் தர ஆள் இல்லை என்று அவர் சொன்னார். வீராங்கனையும் பயிற்சியாளரும் வேண்டாம் என்றதாகச் சம்மேளனம் சொன்னது. முந்தைய ஆண்டு பெய்ஜிங்கில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் தேசியச் சாதனை படைத்தவர் அவர். என் அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் நெடுந்தொலைவு ஓடும் பெண் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே இருப்பார்கள் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். பிள்ளை முன்பு ஓடிய நேரத்தில் இப்போது ஓட முடியவில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் சோம்பல் என்று திட்டாமல் முதலில் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதியுங்கள். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் நல்லவைதான். குறைவு அதிகமாக இருந்தால் மருத்துவர்தான் மருந்து தர வேண்டும். சாப்பிட்டவுடன் சாயா குடித்தால் இரும்புச்சத்து உடலில் குறைவாகத்தான் சேரும். மாதவிலக்கு நின்றுபோனால் அது பயிற்சி நன்றாக நடப்பதன் அடையாளம் என்று சில பயிற்சியாளர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். உணவு போதவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள், அதை விட்டுவிட்டால் எலும்பு பலவீனமாகும். பாலக்காட்டுக் கணவாயின் வேனிற்காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பதே தெரியாது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடைக்கு ஈடாக உப்பிட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ கொடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைத் தங்கை (இப்போது பொள்ளாச்சி)

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி, நான் இப்போது ஓடுவதில்லை. அண்ணன் சொன்னதில் இரண்டு தவறுகள் இருப்பதால் எழுதுகிறேன். நான் கடைசியாக வரவில்லை, எட்டாவதாக வந்தேன்; எனக்குப் பின்னால் நான்கு பேர் இருந்தார்கள். ஒதுங்கியது சித்ரா அல்ல, நான். நீளம் தாண்டும் மணற்குழிக்கு எதிரே, பின்னால் சீராக வரும் காலடிச் சத்தம் கேட்டதும், யாரும் சொல்லாமலேயே நான் வெளியே நகர்ந்து வழிவிட்டேன். அவர் வேகம் குறையாமல் உள்கோட்டிலேயே போனார். சுற்று முந்தப்படுபவர் வழிவிட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் நகர்ந்த அந்த இரண்டு அடி இடைவெளியில் எலப்புள்ளிப் பெண் ஒருத்தியும் உள்ளே புகுந்தாள். ஏழாம் இடம் அவளுக்குப் போயிற்று.